வீடியோ கேம்ஸ் கடை மெஷினின் சர்க்யூட் போர்டை வீட்டு டிவியில் ஓட்ட முடியுமா?

குடியாத்தம்_97

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேம்ஸ் கடை இருந்தது. மூடி ரொம்ப வருஷம் ஆகிறது, ஓனர் அண்ணன் இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் என்று நடத்துகிறார். மர கேபினெட்டுகளைக் கரையான் அரித்து உடைத்துப் போட்டுவிட்டார்கள், ஆனால் உள்ளே இருந்த போர்டுகளை மட்டும் ஒரு கோணிப்பையில் சுற்றி பரண்மேல் வைத்திருந்தார். போன வாரம் கேட்டேன், "எடுத்துக்கோ தம்பி, எனக்கு எதுக்கு" என்று கொடுத்துவிட்டார்.

மொத்தம் ரெண்டு போர்டு. ஒன்றில் எம்வி-1எஃப்இசட் என்று அச்சடித்திருக்கிறது, பெரிய பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் அதில் சொருகியபடியே இருந்தது. லேபிளில் 161 இன் 1 என்று இருக்கிறது. எஸ்என்கே நியோ ஜியோ என்று தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97 இதில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இன்னொரு போர்டில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை, ஓனர் அதை "முஸ்தபா போர்டு" என்றார். ரெண்டிலும் ஓரத்தில் பித்தளை நிறத்தில் வரிசையாகப் பட்டைகள் இருக்கின்றன, ஒயர் எதுவும் கூட வரவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான்: இதை வீட்டில் டிவியோடு சேர்த்து, ஒரு பெட்டிக்குள் அடக்கமாக வைத்து, ஜாய்ஸ்டிக் செருகி விளையாட வேண்டும். வீட்டில் ரெண்டு டிவி. ஒன்று அரசு இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 இன்ச், பின்னால் மஞ்சள் ஏவி ஓட்டை இருக்கிறது, இன்னும் ஓடுகிறது. இன்னொன்று எல்இடி, அதில் எச்டிஎம்ஐ. சால்டரிங் ஓரளவு தெரியும், டிப்ளமா படிக்கும்போது செய்திருக்கிறேன், மல்டிமீட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்றும் சும்மா கிடக்கிறது. அதையே வைத்து கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா? நியோ ஜியோ போர்டில் ஒரு மூலையில் பச்சையாகப் பூத்திருக்கிறது, அது பரவாயில்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆற்காடு_மெக்கானிக்

தம்பி, முதலில் கரண்ட் கொடுக்காதீர்கள். அந்தப் பச்சையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

எம்வி-1எஃப்இசட் போர்டில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று சால்டர் செய்திருக்கும். ஸ்கோர், செட்டிங், காயின் கணக்கு இதெல்லாம் கரண்ட் போனாலும் நிற்பதற்காக வைத்தது. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது கசியும். கசிவது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது செம்புத் தடங்களில் மெதுவாக ஊர்ந்து போய் பச்சைக் களிம்பாகப் பூத்து, கடைசியில் தடத்தையே தின்றுவிடும். பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற ரேம் ஐசிகளின் கால்களில்தான் முதல் அடி விழும். அதனால் பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. அது இல்லாமலும் போர்டு ஓடும், ஸ்கோர் மட்டும் நிற்காது.

எடுத்த பிறகு பழைய டூத் பிரஷ்ஷில் வெள்ளை வினிகர் தொட்டு அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேயுங்கள். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு. காரத்துக்கு அமிலம்தான் மாற்று, வெறும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் களிம்பு இடம் மாறுமே தவிர சாகாது. நுரைப்பது நின்றதும் சுத்தமான தண்ணீரில் கழுவி, பிறகு ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) ஊற்றி ஈரத்தை விரட்டி, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காய விடுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் நேராக வைக்க வேண்டாம், கார்ட்ரிட்ஜ் பிளாஸ்டிக் வளைந்துவிடும். காய்ந்ததும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பச்சை லேக்கருக்கு அடியில் தடம் கறுத்திருந்தால் அந்த இடத்தைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி, மீட்டரை பீப்பில் வைத்து ரெண்டு முனைக்கும் தொடர்பு இருக்கிறதா பார்க்க வேண்டும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போனால் பின்னால் எந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. பேட்டரி மறுபடி போட ஆசை இருந்தால் சிஆர்2032 காயின் செல் போடலாம், ஆனால் போர்டில் இருக்கிற சார்ஜிங் வழியைத் துண்டித்துவிட்டுத்தான். லித்தியம் செல்லுக்கு சார்ஜ் போனால் அது வெடிக்கலாம்.

அடுத்து அந்தப் பட்டைகள். அதுதான் ஜாமா கனெக்டர். ஜப்பானில் கேம் மெஷின் தயாரிப்பாளர்கள் சங்கம் 1985-இல் கொண்டுவந்த முறை, எந்தக் கம்பெனி போர்டையும் எந்தக் கேபினெட்டிலும் மாட்டலாம் என்பதற்காக. நம் ஊர் கடைக்காரர்கள் பொங்கல் லீவுக்கு ஒரு கேம், பரீட்சை லீவுக்கு ஒரு கேம் என்று மாற்றிக்கொண்டிருந்தது இதனால்தான் சாத்தியமானது. ஒரு பக்கம் 28, மறுபக்கம் 28, ஆக 56 பட்டை. பாகங்கள் இருக்கிற பக்கத்துக்கு எண்கள், சால்டர் பக்கத்துக்கு எழுத்துகள். 1, 2, ஏ, பி நாலும் கிரவுண்ட். 3, 4, சி, டி நாலும் பிளஸ் 5 வோல்ட். 5, இ ரெண்டும் மைனஸ் 5. 6, எஃப் ரெண்டும் பிளஸ் 12. ஏழாவது இடத்தில் ஒரு சாவி வைத்திருப்பார்கள், கனெக்டர் தலைகீழாக ஏறாமல் இருக்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 3.96 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள 56 பின் கனெக்டர் என்று கேளுங்கள். சாவி இல்லாமல் வந்தால் ஒரு பிளாஸ்டிக் துண்டை நீங்களே வைத்து ஒட்டிவிடுங்கள். திருப்பி மாட்டினால் கிரவுண்ட் ரெண்டு ஓரத்திலும் இருப்பதால் அது சரியாகவே உட்காரும், ஆனால் 12 வோல்ட் நேராக ரெண்டாவது பிளேயரின் பட்டன் லைனுக்குள் போகும். பட்டன்களைப் படிக்கிற ஐசி அந்த நொடியே போய்விடும். ஒரு கடைக்காரர் அவசரத்தில் அப்படி மாட்டிய போர்டை என்னிடம் கொண்டுவந்தார், படம் அழகாக வருகிறது, ரெண்டாவது ஆள் மட்டும் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான்.

கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் போதும். உங்கள் நியோ ஜியோ போர்டுக்கு மைனஸ் 5 தேவையே இல்லை, 12 வோல்ட்டும் சவுண்டு ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும்தான். 5 வோல்ட்தான் உயிர். அதை எஸ்எம்பிஎஸ்ஸில் அளக்காதீர்கள், போர்டின் மேல் அளவிடுங்கள், அதாவது ஏதாவது ஒரு ஐசியின் பவர் காலில். மெல்லிய ஒயரில் அங்கே 5 இருக்கும், இங்கே 4.7 வரும். 4.95-இலிருந்து 5.10-க்குள் இருக்க வேண்டும். 5 வோல்ட்டுக்கு நாலு பட்டைக்கும் தனித்தனியாகத் தடிமனான ஒயர் போடுங்கள், கிரவுண்டுக்கும் அப்படியே. முஸ்தபா போர்டைவிடப் பழைய போர்டு ஏதாவது பிற்காலத்தில் கிடைத்து மைனஸ் 5 வேண்டும் என்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் மைனஸ் 12-இலிருந்து 7905 ரெகுலேட்டர் போட்டு எடுத்துக்கொள்ளலாம், புது எஸ்எம்பிஎஸ்களில் மைனஸ் 5 வருவதில்லை.

இன்னொன்று, பேட்டரியைத் தவிர போர்டில் எதையும் வெட்டாதீர்கள், ஒயரை நேராகப் பட்டையில் சால்டர் வைக்காதீர்கள். எல்லா வேலையும் கனெக்டருக்கு வெளியே, தனிப் பெட்டியில். அப்படிச் செய்தால் அதே பெட்டியில் முஸ்தபாவும் ஓடும், நாளைக்கு வேறு யார் பரணிலிருந்து எது வந்தாலும் ஓடும். இந்த மாதிரிப் பெட்டியை சூப்பர்கன் என்பார்கள்.

---

காட்பாடி_மாணவன்

நான் வேறு ஒன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு கஷ்டம் எதற்கு? ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் வாங்கி, பழைய கேம் போர்டு மாதிரியே நடந்துகொள்ளும் மேம் என்ற மென்பொருளை அதில் போட்டால் இந்த ரெண்டு கேமும் சேர்த்து நூற்றுக்கணக்கில் ஓடுகிறது, நேராக எச்டிஎம்ஐ. எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தன் செய்து வைத்திருக்கிறான், சாயங்காலம் ஆனால் அறை நிறைய கூட்டம். களிம்பு, வினிகர், மைனஸ் 5 எதுவும் இல்லை. போர்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு சுவரில் மாட்டிவிடலாமே.

---

ஆம்பூர்வாசி

காட்பாடித் தம்பி கேட்டதில் தப்பே இல்லை. கேம் விளையாடினால் போதும் என்றால் பை போதும், நானும் அதைத்தான் சொல்வேன். மேம் 1997-இல் தொடங்கியதே இந்தப் போர்டுகள் அழிந்துபோகும் முன் அவற்றின் செயல்பாட்டைப் பதிவு செய்து வைக்கத்தான். ஆனால் அந்தப் பதிவுக்கு மூலம் ஓடுகிற போர்டுதான். வட ஆற்காடு முழுக்க எண்பது தொண்ணூறுகளில் எத்தனை கடைகள் இருந்தன, வேலூரில், ஆம்பூரில், வாணியம்பாடியில், ஆரணியில். அந்தக் கடைகளில் இருந்த போர்டுகளில் பெரும்பாலானவை தங்கம் எடுக்கிறேன் என்று பழைய இரும்புக் கடைக்குப் போய் ஆசிட்டில் விழுந்தன. கையில் வந்த ஒன்றைச் சுவரில் மாட்ட எனக்கு மனசு வராது. ஓடக்கூடியது ஓட வேண்டும்.

இப்போது படத்தைப் பற்றிச் சொல்கிறேன், மெக்கானிக் அண்ணன் அதைத் தொடவில்லை. இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்வது.

ஜாமாவில் படம் நாலு ஒயரில் வருகிறது. 12 சிவப்பு, 'என்' எழுத்துப் பட்டை பச்சை, 13 நீலம், 'பி' எழுத்துப் பட்டை சிங்க் (படத்தைத் திரையில் சரியான இடத்தில் நிறுத்தும் நேரச் சிக்னல்). 14 அதற்கான கிரவுண்ட். இதில் சால்டர் பக்கத்து 'பி' ரெண்டு உண்டு, ஆங்கில வரிசையில் ரெண்டாவதாக வருவது கிரவுண்ட், என்-னுக்கு அடுத்ததாக வருவதுதான் சிங்க், எண்ணிக்கையில் 13-க்கு நேர் பின்னால் இருக்கும். எண்ணிப் பார்த்துக் கொடுங்கள். இந்தச் சிக்னலை உங்கள் டிவியின் மஞ்சள் ஓட்டையில் அப்படியே கொடுக்க முடியாது. மஞ்சள் ஓட்டை கேட்பது நிறமும் வெளிச்சமும் சிங்க்கும் ஒரே ஒயரில் கலந்த காம்போசிட்.

அதற்கு ஏடி724 என்று ஒரு ஐசி இருக்கிறது. ஆர்ஜிபி, அதாவது அந்த மூன்று நிறச் சிக்னலை வாங்கி காம்போசிட்டும் எஸ்-வீடியோவும் தரும். நம் ஊர் டிவியின் 'பால்' என்ற கலர் முறைக்கு 4.43 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட வேண்டும், 3.58 போட்டால் அது அமெரிக்கா, ஜப்பானின் என்டிஎஸ்சி முறை. ஜாமாவில் சிங்க் ஒரே ஒயரில் வருவதால் அதை எச்-சிங்க் காலில் கொடுத்து, வி-சிங்க் காலை 5 வோல்ட்டில் கட்டிவிடுங்கள்.

இதில் ஒரு நல்ல விஷயம். நியோ ஜியோவின் கிடைக்கோட்டு வேகம் 6 மெகாஹெர்ட்ஸை 384-ஆல் வகுத்தால் வருவது, சரியாக நொடிக்கு 15,625. நம் தூர்தர்ஷன் காலத்து பால் டிவியின் கோட்டு வேகமும் அதே 15,625-தான். அதனால் படம் பக்கவாட்டில் கிழியாது. மேலிருந்து கீழ் மட்டும்தான் வித்தியாசம், ஒரு படத்துக்கு 264 கோடு என்பதால் நொடிக்கு 59.18 படம், நம் டிவிக்கு 50. ரெண்டாயிரத்துக்குப் பிறகு வந்த பெரும்பாலான பிக்சர் டியூப் டிவிகள் 50, 60 ரெண்டையும் தானாகவே பிடித்துக்கொள்ளும், 2006-க்குப் பிறகு வந்த உங்கள் 14 இன்ச்சும் பிடிக்க வாய்ப்பு அதிகம். படம் உருண்டுகொண்டே இருந்தால் அது வேறு விஷயம், அப்போது எழுதுங்கள்.

அளவும் முக்கியம். கேபினெட் மானிட்டருக்காக போர்டு அனுப்புகிற ஆர்ஜிபி சில வோல்ட் வரை போகும். டிவிக்கோ ஏடி724-க்கோ 75 ஓமில் 0.7 வோல்ட்தான் வேண்டும். மூன்று நிறத்துக்கும் மூன்று 500 ஓம் பிரீசெட் வையுங்கள். முதலில் முழு ரெசிஸ்டன்ஸில் ஆரம்பித்து, போர்டின் டெஸ்ட் மெனுவில் வரும் கலர் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் குறைத்து வாருங்கள். சிவப்புப் பட்டையில் கடைசி ரெண்டு கட்டத்துக்கு நடுவில் வித்தியாசம் மறைகிறது என்றால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், கொஞ்சம் பின்னால் வாருங்கள். மூன்றும் சரியாக வந்தால் சாம்பல் பட்டையில் எந்த நிறமும் தெரியாது. ஏடி724 இல்லாமல் ஆர்ஜிபியை நேராக வாங்கும் டிவி என்றால் சிங்க்கில் 470 ஓம் ஒன்று.

எல்இடி டிவிக்கு இதே காம்போசிட்டைக் கொடுத்தால் ஓடும், ஆனால் பார்க்கச் சகிக்காது. 240 கோட்டுப் படத்தை அது 480 இன்டர்லேஸ் என்று தப்பாக எடுத்துக்கொண்டு குழைத்துவிடும், பட்டன் அழுத்தியதற்கும் குத்து விழுவதற்கும் நடுவில் இடைவெளி வேறு வரும். அதற்கு ஜிபிஎஸ்-8200 என்ற போர்டு ஆன்லைனில் கிடைக்கிறது, ஆர்ஜிபி வாங்கி விஜிஏ தரும். அதில் ஒரு சின்ன வைஃபை சிப், ஈஎஸ்பி8266, சேர்த்து ஜிபிஎஸ்-கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் தாமதம் ஏறக்குறைய இல்லாமல் போகும். ஆனால் வீட்டில் ஓடுகிற பிக்சர் டியூப் டிவி இருக்கும்போது அதில்தான் முதலில் பாருங்கள். இந்தப் படங்களை வரைந்தவர்கள் அந்தக் கண்ணாடியில் பார்த்துத்தான் வரைந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. டிவியைத் திறந்து உள்ளே ஆர்ஜிபி கொடுக்கலாம் என்று யூடியூபில் காட்டுவார்கள். பிக்சர் டியூபின் ஆனோடில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் தங்கியிருக்கும். ஏவி ஓட்டை இல்லாத ரொம்பப் பழைய டிவிகளில் சேசிஸ்ஸே மெயின் கரண்டோடு சேர்ந்திருக்கும். அதை மெக்கானிக் அண்ணன் மாதிரி ஆளிடம் விட்டுவிடுங்கள்.

---

ஆற்காடு_மெக்கானிக்

ஆம்பூர்க்காரர் சொன்னது அத்தனையும் சரி. சவுண்டு மட்டும் விட்டுப்போச்சு. 10 ஸ்பீக்கர் பிளஸ், எல் ஸ்பீக்கர் மைனஸ். இது கேபினெட் ஸ்பீக்கருக்கு நேராகப் போக வேண்டிய பெருக்கிய சிக்னல், டிவியின் வெள்ளை ஓட்டையில் அப்படியே கொடுத்தால் கரகரவென்று கேட்கும், டிவியின் ஆடியோ பகுதியும் கெடலாம். மீட்டரை வைத்து எல் பட்டை கிரவுண்டோடு பீப் அடிக்கிறதா பாருங்கள். அடித்தால் 1 கிலோ ஓம், 100 ஓம் ரெண்டையும் வைத்துச் சிக்னலைக் குறைத்து எடுங்கள். அடிக்கவில்லை என்றால் எல்-ஐக் கிரவுண்டில் கட்டக் கூடாது, கட்டினால் ஆம்ப்ளிஃபையர் ஐசி போகும். அதற்குச் சின்ன ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், கார் ஸ்டீரியோ கடையில் கிடைக்கும்.

ஜாய்ஸ்டிக் சுலபம். போர்டுக்கு ஒவ்வொரு பட்டனும் ஒரு ஒயர், அழுத்தினால் கிரவுண்டில் தொட வேண்டும், அவ்வளவுதான். நடுவில் எந்த சர்க்யூட்டும் வேண்டாம். முதல் ஆளுக்கு 18 மேல், 19 கீழ், 20 இடது, 21 வலது, 22, 23, 24 பட்டன்கள், நியோ ஜியோவின் நாலாவது பட்டன் 25. காயின் 16, ஸ்டார்ட் 17.

---

குடியாத்தம்_97

மெக்கானிக் அண்ணா, ஆம்பூர் அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடியே பேட்டரியை எடுத்துவிட்டேன், வினிகர் போட்டபோது பொங்கிக்கொண்டு வந்தது. சென்னை போய் கனெக்டர், ஏடி724 எல்லாம் வாங்கி வந்து ஒயர் போட்டாச்சு. ஐசி காலில் 4.68 காட்டியது, 5 வோல்ட் ஒயரைத் தடிமனாக்கியதும் 5.02 வந்துவிட்டது.

14 இன்ச் டிவியில் படம் நிற்கிறது, உருளவில்லை. ஆனால் கேம் வரவில்லை. முதலில் குப்பை குப்பையாகக் கட்டங்கள் வந்து ஸ்பீக்கரில் டக் டக் என்று விடாமல் அடித்தது. அது 4.68 இருந்தபோது. இப்போது டக் டக் நின்றுவிட்டது, அதற்குப் பதில் ஒரு திரை வருகிறது. பேக்கப் ரேம் எரர் என்றும், அட்ரஸ் டி00000, ரைட் 5555, ரீட் 5545 என்றும் எழுதியிருக்கிறது. அதோடு நின்றுவிடுகிறது. ரேம் போய்விட்டதா?

---

ஆற்காடு_மெக்கானிக்

நல்ல செய்தி தம்பி. போர்டு உயிரோடு இருக்கிறது, தனக்கு எங்கே வலிக்கிறது என்றும் சொல்கிறது.

டக் டக் என்பது வாட்ச்டாக். 68000 பிராசசர் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு சிப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதனிடமிருந்து பதில் வரவில்லை என்றால் ரீசெட் கொடுக்கும், அப்படி ஒவ்வொரு ரீசெட்டுக்கும் ஒரு டக். 5 வோல்ட் சரியானதும் பிராசசர் எழுந்துவிட்டது. எழுந்ததும் முதலில் வொர்க் ரேமைச் சோதிக்கும், அது தேறியிருக்கிறது. அடுத்தது பேக்கப் ரேம், டி00000-இல் தொடங்குவது அதுதான், பேட்டரி தாங்கிக்கொண்டிருந்த ரேம். 5555 எழுதினேன், திரும்பப் படித்தால் 5545 வருகிறது என்கிறது. 16 பிட்டில் ஒரே ஒரு பிட்தான் தப்பு. வலதுபக்கத்திலிருந்து சுழியத்தில் ஆரம்பித்து எண்ணினால் நாலாவது பிட், அதாவது டி4. ஒன்றாக இருக்க வேண்டியது சுழியமாக வருகிறது.

ரேம் செத்திருந்தால் பெரும்பாலும் ஒரு பைட் முழுக்கக் கோளாறாக வரும். ஒரு பிட் மட்டும் என்றால் எனக்கு ரேம் மேல் சந்தேகம் வராது, தடத்தின் மேல்தான் வரும். பேக்கப் ரேம் ரெண்டு ஐசி, ஒன்று மேல் பைட், ஒன்று கீழ் பைட். உங்களுக்கு வேண்டியது கீழ் பைட். அந்த 28 கால் ரேமில் 11, 12, 13 டி0 முதல் டி2 வரை, 14 கிரவுண்ட், 15 டி3, 16-ஆவது கால் டி4. மீட்டரை பீப்பில் வைத்து அந்த 16-ஆம் காலுக்கும் வொர்க் ரேமில் கீழ் பைட் ஐசியின் 16-ஆம் காலுக்கும் தொடுங்கள், ரெண்டும் ஒரே லைன். பேக்கப் ரேம் ரெண்டில் எது கீழ் பைட் என்று தெரியவில்லை என்றால் ரெண்டிலும் பாருங்கள், பக்கத்துக் கால் 15, 17 பீப் அடித்து 16 மட்டும் அடிக்காதது எதுவோ அதுதான். களிம்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்தத் தடம் சால்டர் பக்கத்துக்கு இறங்குகிற துளையையும் பாருங்கள், துளைக்குள் இருக்கிற செம்புதான் முதலில் போகும், வெளியே பார்த்தால் தெரியாது. கண்டுபிடித்ததும் மெல்லிய எனாமல் ஒயரில் ஒரு ஜம்பர் போடுங்கள். எல்லாம் அணைத்த பிறகு.

---

வாலாஜா_மாமா

முஸ்தபா போர்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது கேப்காம் 1993-இல் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், அதில் வருகிற ஒரு ஆளின் பெயரை வைத்து நம் நாடு முழுக்க அதை முஸ்தபா கேம் என்றே சொல்வார்கள். போர்டில் எம்6295 என்று ஒரு ஐசி தேடுங்கள். இருந்தால் அது நகல் போர்டு. ஒரிஜினலில் கியூசவுண்ட் என்ற சவுண்டு சிப், சவுண்டு புரோகிராமைப் பூட்டி வைத்த தனி இசட்80 சிப், அந்தப் பூட்டின் சாவியைக் காக்க ஒரு பேட்டரி. பேட்டரி செத்தால் சாவியும் போய்விடும். நகலில் அந்தத் தொல்லை இல்லை, சவுண்டு மட்டும் கொஞ்சம் மட்டமாக இருக்கும். நகல் என்று ஒதுக்கிவிடாதீர்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தது அந்தச் சவுண்டைத்தான். ஒரிஜினல் என்று தெரிந்தால் மட்டும் பேட்டரியைத் தொடாமல் இங்கே வந்து கேளுங்கள், நியோ ஜியோ மாதிரி வெட்டிவிடக் கூடாது.

அதில் ரெண்டே பட்டன், ஆனால் மூன்று பேர் ஆடலாம். ஜாமாவில் ரெண்டு பேருக்குத்தான் இடம், மூன்றாவது ஆளுக்கு போர்டில் தனியாக ஒரு சின்னக் கனெக்டர் இருக்கும். பெட்டி செய்யும்போது பக்கத்தில் ஒரு துளை விட்டு வையுங்கள்.

---

குடியாத்தம்_97

16-ஆம் கால்தான் அண்ணா! 15-உம் 17-உம் அடிக்கிறது, 16 அடிக்கவில்லை. துளைக்குள் போயிருந்தது. ஜம்பர் போட்டதும் கேம் பட்டியல் வந்துவிட்டது, 97 தேர்ந்தெடுத்து ஒரு ஆட்டமும் ஆடிவிட்டேன். முஸ்தபா போர்டில் எம்6295 இருக்கிறது, அதை அடுத்த வாரம் மாட்டுகிறேன்.

காயின் பட்டனை அழுத்தி அழுத்தித்தான் ஆட வேண்டுமா? பெட்டிக்கு ஒரு பழைய டிவிடி பிளேயர் கூடு கிடைத்திருக்கிறது, போர்டு அதற்குள் உட்காராது, மற்றதெல்லாம் உட்காரும்.

---

ஆம்பூர்வாசி

வேண்டியதில்லை. போர்டில் எட்டு சுவிட்ச் உள்ள சின்ன டிப் சுவிட்ச் இருக்கும், ஏழாவதை ஆன் செய்தால் காசில்லாமல் ஓடும். இன்னும் வீட்டு கன்சோல் மாதிரியே வேண்டும் என்றால் போர்டைத் தொடங்கி வைக்கும் பயாஸ் சிப்பை மாற்றி யூனிவர்ஸ் பயாஸ் போடலாம், அதில் கடை முறை, வீட்டு முறை என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 27சி1024 ஈப்ரோம் (எழுதக்கூடிய மெமரி சிப்) ஒன்றில் எழுதிச் சொருகினால் போதும். பழைய சிப்பைத் தூக்கிப் போடாமல் கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

போர்டு வெளியே இருப்பதே நல்லது தம்பி. டிவிடி கூட்டில் எஸ்எம்பிஎஸ்ஸும் வீடியோ போர்டும் மட்டும் வையுங்கள், தகரக் கூட்டைக் கட்டாயம் எர்த்தில் கட்டுங்கள். போர்டுக்குக் கீழே பிளாஸ்டிக் கால் வைத்து ஒரு பலகையில் ஏற்றி, மேலே அக்ரிலிக் தகடு, நாலு பக்கமும் திறப்பு. மே மாசத்தில் நம் வீட்டு அறையே நாற்பதைத் தொடுகிறது, மூடிய பெட்டிக்குள் இன்னும் ஏறும், பத்து டிகிரி கூடினால் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும். எஸ்எம்பிஎஸ் விசிறிக் காற்று போர்டின் மேல் போகிற மாதிரி வையுங்கள்.